ஒன்பதாவது புளியமுத்து

அவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று ஒரு வெள்ளிக்கிழமை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்: இரண்டு நிமிடம் பத்து நொடி. படிக்கும்போது குறைவாகத் தெரியும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்க உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் புரியும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. "யாரு?" என்ற கேள்வியே பிடிக்காத மனிதர் அவர்.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மென்பொருள் செய்து கொடுக்கிறோம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் ஹையர் முடித்தவள். நான் சொல்லிக்கொடுத்த தட்டச்சுப் பயிலகத்தை மூடிய பிறகு இங்கே வந்தேன். கடிதம், கோப்பு, கூட்டக் குறிப்பு ஆகியவை என் பொறுப்பு. என் பையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று அலுவலகக் கூட்டக் குறிப்பு. மற்றது என் சொந்த நாட்குறிப்பு. முதல் நோட்டில் மற்றவர்கள் பேசியது இருக்கும். இரண்டாவதில் நான் பார்த்ததும் கேட்டதும் இருக்கும். இரண்டையும் ஒருபோதும் கலந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்கள் முதலாளி கணேசனுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஒரு பிழையைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது, ஆகவே வேலை பார்க்கும் முறையையே மாற்ற வேண்டும், அதற்கு விஷயம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு நிபுணர். பெரும்பாலோர் கணினித் திரையில்தான் வந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர், ஒவ்வொரு வேலையையும் வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். மின்விசிறி போட்டால் சீட்டு பறந்தது. சித்திரை மாதம் முழுக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை பார்த்தோம். "சீட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாமதான் வெந்துட்டோம்" என்றான் பாண்டி. வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவன் அவன். இன்னொரு நிபுணர் கூட்டத்தை நின்றுகொண்டே நடத்தச் சொன்னார். முதலாளிக்கு முழங்கால் வலி. அவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எதிரே நின்றோம். பார்ப்பதற்கு விசாரணை மாதிரி இருந்தது.

இவர் மட்டும் பஸ்ஸில் வந்தார். காரியாபட்டிக்காரர். என் வயதுதான், ஐம்பதைத் தொட்டிருக்கமாட்டார். வெளிநாட்டில் மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருள் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்குக் கண் பார்வை மங்கியதால் ஊர் திரும்பியவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, கைப்பிடி பிய்ந்த ரெக்சின் பை. திரையில் காட்ட எதுவும் கொண்டுவரவில்லை. பையிலிருந்து ஒரு பழைய தைல டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தார். புளியமுத்து, அதாவது புளியங்கொட்டை. எட்டை எண்ணி வரிசையாக வைத்தார்.

"நாம ஏழு பேருதான சார் இருக்கோம்?" என்றார் கணேசன், அவரையும் சேர்த்து.

"எழுதுறவுக?"

"மல்லிகாக்காவா? அவுக நோட்ஸ் எடுக்குறவுக. பேச மாட்டாக."

"சரி" என்றார். ஆனால் எட்டாவதை எடுக்கவில்லை.

ஒருவர் பேசினால் ஒரு முத்தைத் தன் பக்கம் நகர்த்துவார். அவ்வளவுதான் அவருடைய முறை. பாண்டி முதல் நாளே கேட்டான்: "என்ன சார், பல்லாங்குழியா?"

"ஆமா. ஒங்க ஆட்டம் இன்னும் வரலை."

பேசாதவருடைய முத்து நடுவில் கிடக்கும். அது கிடக்கும்வரை கூட்டத்தை எளிதில் முடிக்கமாட்டார். பேசியவரே மறுபடி பேச வந்தால் கையை லேசாகத் தூக்குவார், அதட்டமாட்டார். "தெரியலைன்னு சொன்னாலும் நகத்திருவேன். ஒண்ணுமில்லைன்னு சொன்னா நகத்த மாட்டேன்" என்பார்.

இதில் என்ன வந்தது என்று கேட்டால், சோதனை பார்க்கும் பெண்ணைச் சொல்ல வேண்டும். மூன்று கூட்டங்களில் அவள் "ஒண்ணுமில்ல சார்" என்றாள். நான்காவதில், நான் மேலே சொன்ன அந்த இரண்டு நிமிடம் பத்து நொடி கழித்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "பச்சை எழுத்து வெயில்ல தெரியாது சார். எங்கப்பாகிட்டக் கொடுத்துப் பாத்தேன். அவுக கையால மறைச்சுத்தான் படிச்சாக." எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் வெட்டவெளியில் நின்று பயன்படுத்துகிறவர்கள். ஆறு மாதமாக அவளுக்கு அது தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை என்பதில்லை, கேட்டுவிட்டு யாரும் காத்திருக்கவில்லை.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று எழுதினால் பொய். அவர் பார்க்கும் பார்வையில் கோபம் இருக்காது. ஆனாலும் அதன் கீழ் உட்கார்ந்திருப்பது கஷ்டம். ஒருவன் அழுதிருக்கிறான். "ஒண்ணும் இல்லைன்னா விட்டுருங்க சார், துணியப் பிழியிற மாதிரி பிழியிறீகளே" என்று பாண்டி ஒருநாள் எரிந்து விழுந்தான். அதற்கும் அவன் முத்தை நகர்த்தினார். கணேசன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவரு வந்தா அன்னைக்கு வேலை படுத்துருது மல்லிகாக்கா." ஏன் அவர் இப்படி ஆனார், அந்த வெளிநாட்டு வேலையில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. என் நாட்குறிப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எட்டாவது மட்டும் நடுவில் தனியாகக் கிடக்கும். என்னைப் பார்ப்பார். நான் நோட்டைப் பார்ப்பேன். டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்புவார்.

அப்போது எங்கள் கையில் இருந்த பெரிய வேலை ஒரு மருந்து வண்டிக்கானது. ஓர் அறக்கட்டளை நடத்தும் வண்டி. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை போய், சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும். யாருக்கு என்ன மாத்திரை என்ற பட்டியலை எங்கள் மென்பொருள் கொடுக்கும். முந்தின நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதிப் பொட்டலம் கட்டுவார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் பொட்டலம் இல்லை.

கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைப் பதிவு செய்யும் பெண்களில் முத்துமாரியை எனக்குத் தெரியும். என்னைப் போலவே எம்.ரெட்டியபட்டிக்காரி. ஒரு மாலை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருடி, இத்தனை மெசேஜ்?"

"எல்லாம் ஒங்க கம்பெனிதான்க்கா. 'உங்கள் மாத்திரை தயார்', 'உங்கள் மாத்திரை தயார்'. எனக்கு இன்னும் சுகரே வரலை, அதுக்குள்ள நாப்பத்தொரு தடவை தயாராயிருச்சு."

விஷயம் இதுதான். பதிவு செய்யும் பக்கத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் உண்டு. பத்து எண் போடாவிட்டால் பதிவு ஏறாது. போனே இல்லாத ஆட்கள் நாற்பத்தொரு பேருக்கு அவள் தன் நம்பரையே போட்டிருந்தாள்.

"வேற என்னக்கா செய்ய? போன் இல்லைன்னா ஒனக்கு மாத்திரை இல்லைன்னா சொல்ல முடியும்? யார்ட்டயும் சொல்லிறாதீக, வேலை போயிரும்."

சொல்லமாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை.

மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமைக் கூட்டம். பட்டியலில் போலிப் பதிவுகள் இருக்கின்றன, ஒரே ஆளைப் பலமுறை ஏற்றியிருக்கிறார்கள் என்று அறக்கட்டளையிலிருந்து புகார். ஜெபராணி பேசினாள். எங்கள் அலுவலகத்தில் மிகக் கவனமாக நிரல் எழுதுகிறவள் அவள். ஏழு வயதில் ஒரு மகள். கணவர் இறந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. புருஷன் பெண்டாட்டி ஒரே போன் வைத்திருப்பார்கள், அப்பா அம்மாவுக்கும் அதே நம்பர் இருக்கும், அதனால் ஒரு நம்பருக்கு நாலு பேர் வரை விடலாம், அதற்கு மேல் இருந்தால் சரிபார்க்கும்வரை பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்கலாம் என்றாள். நிதானமாக யோசித்த யோசனை. ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். ஏழு முத்துகளும் நகர்ந்தன.

எட்டாவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பேனா நின்றது. நாற்பத்தொன்றில் நாலு போனால் முப்பத்தேழு என்று மனதில் கழித்துப் பார்த்தது நினைவிருக்கிறது.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. மூன்றாவது முறை. மதுரையில் கண் மருத்துவரிடம் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்க ஏதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

முத்தை நகர்த்தவில்லை. டப்பாவில் போடவும் நேரமில்லாமல், அப்படியே வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் கூட்டக் குறிப்பை முடித்தேன்: "எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்." முத்துமாரியின் பேச்சு எழுதியிருந்த நோட்டு அதே பையில், இந்த நோட்டை ஒட்டி இருந்தது.

நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பேச்சி என்ற பெண். முப்பத்தெட்டு வயது. ஆடு மேய்ப்பவள். போன் இல்லாத அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி. சின்ன வயதிலிருந்து வலிப்பு. அந்த மாதம் வண்டி வந்தபோது அவளுக்குப் பொட்டலம் இல்லை. முத்துமாரி தன் அக்காவின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள். வண்டியில் வந்த வேறொரு பெண், பெயர் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். கையிருப்பு மாத்திரை நாலு நாளில் தீர்ந்தது. பதினோராம் நாள் காலையில், சோறு வடிக்கும்போது வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தாள். இடது கை முழங்கை வரை வெந்துபோனது.

செய்தி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அவர் வந்தார். அறக்கட்டளையிலிருந்து கணேசனுக்கு ஒரே கேள்வி: பொறுப்பு யார்? அன்று மாலைக்குள் ஒரு பெயர் வேண்டும்.

"நான்தான் சார்" என்றாள் ஜெபராணி. அவள் மேசை மேல் ராஜினாமாக் கடிதம் மடித்து வைத்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "நாலுன்னு நான்தான் வச்சேன்."

கணேசன் அதை எடுக்கக் கையை நீட்டினார். அவர் கெட்டவர் அல்ல, பயந்திருந்தார். அதற்குள் இவர் முத்துகளை வைக்க ஆரம்பித்தார்.

"சார், இன்னைக்குமா?" என்றான் பாண்டி.

"இன்னைக்குத்தான்." எட்டையும் வைத்து முடித்தார். "யாரு செஞ்சதுன்னு நான் கேக்கலை. அன்னைக்குச் சாயந்தரம் ஒங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, அவரவருக்குத் தெரிந்த சின்னத் துண்டுகள். பிறகு எட்டாவது மட்டும் கிடந்தது. அவர் காத்திருந்தார். அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பையிலிருந்து இரண்டாவது நோட்டை எடுத்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் படித்தேன். முத்துமாரியின் பெயர் வரும் இடத்தில் "ஒரு பெண்" என்று மாற்றிப் படித்தேன். என் குரல் அந்த அறையில் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெபராணி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்."

கணேசன் எழுந்துவிட்டார். "யாருக்கா அந்தப் பொண்ணு? தப்பான நம்பரப் போட்டுட்டு... பேரச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், பதிவு செய்யும் டேப்லெட்டைக் கணேசன் முன்னால் தள்ளினார். "ஒரு ஆளைப் பதிவு பண்ணுங்க. அறுபத்தெட்டு வயசு. சுகர். தனியாளு. போன் கிடையாது."

"என்ன சார் நீங்க, இந்த நேரத்துல?"

"பண்ணுங்க."

கணேசன் பெயர், வயது, ஊர் எல்லாம் போட்டு அழுத்தினார். ஏறவில்லை. போன் நம்பர் கட்டம் சிவப்பானது. பத்து சைபர் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. "ச்சை" என்று சொல்லிக்கொண்டே மளமளவென்று பத்து எண்களைத் தட்டினார். ஏறியது. மறுநொடி அவருடைய சட்டைப் பையில் போன் டிங் என்று அடித்தது.

கணேசன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மேசை மேல் குப்புற வைத்தார். பிறகு ஜெபராணியின் கடிதத்தை எடுத்து அவள் பக்கமே நகர்த்தினார். அந்தப் பெண் யார் என்று அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

இவர் எட்டாவது முத்தை நகர்த்தினார். உடனே தன்னுடையதைத் திரும்ப நடுவில் வைத்தார். "அன்னைக்கு அவுகளுது நகரலைன்னு நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன். எழுதிக்கிருங்க" என்றார் என்னிடம். எழுதினேன். முப்பத்தேழு பெயர்களும் அன்று மாலைக்குள் பட்டியலுக்குத் திரும்பின. போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று ஜெபராணி மாற்றினாள்.

பேச்சி வீடு திரும்பியதும் அவரும் நானும் முத்துமாரியும் போனோம். நரிக்குடியில் இறங்கி, கருவேலங்காட்டு வழியாக மூன்று கிலோமீட்டர். ஒற்றை அறை, ஓட்டு வீடு. பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தாள். நடந்ததை நான்தான் சொன்னேன். எங்கள் பட்டியலில் தவறு, அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை என்று சொன்னேன். ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். பாதிதான் வந்தது.

அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க எழப் பார்த்தாள். முத்துமாரி அவளை உட்காரவைத்துவிட்டுத் தானே மோந்து கொடுத்தாள்.

"பேரு இல்லைன்னு சொன்னாகள்ல," அவர் மெதுவாகக் கேட்டார், "நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? சும்மா குடுக்குறாக. சத்தம் போட்டா அடுத்த தடவை வண்டியே இங்கிட்டு வராமப் போயிட்டா? அடுத்த மாசம் வரும்னு இருந்துட்டேன்."

அவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார் என்று சொன்னேன் அல்லவா. அங்கே, பதில் வந்த பிறகும் காத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது நரிக்குடியில் பஸ்ஸுக்கு நின்றபடி அவர் சொன்னார்: "ஒம்பது வச்சிருக்கணும்."

அதன்பின் இரண்டு வெள்ளிக்கிழமைதான் வந்தார். இரண்டிலும் ஒன்பது வைத்தார். அம்மாவுக்குப் பார்வை முழுதும் போய்விட்டது; அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். விடைபெறும்போது பெரிதாக எதுவும் பேசவில்லை. தைல டப்பாவை என் நோட்டின் மேல் வைத்தார். "வாரேன்" என்று படியிறங்கினார். ஒருமுறை அழைத்தேன், அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது.

ஜெபராணி வேலையில் இருக்கிறாள். என்னோடு பேசுகிறாள், முன்பு மாதிரி இல்லை. அது நியாயம்தான். முத்துமாரி தானே கணேசனிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இப்போது மற்றவர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் குறிப்பெடுக்கிறேன். "எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதுவதில்லை, பெயர்களை எழுதுகிறேன். முத்துகளை நான்தான் வைக்கிறேன். அவர் இடத்தில் இப்போது புதிதாகச் சேர்ந்த ஒருவர் உட்கார்கிறார். ஆகவே மேசைக்கு எட்டு, கூட ஒன்று.

ஒன்பதாவதற்காக மாதத்தின் முதல் சனிக்கிழமை நரிக்குடி பஸ் ஏறுகிறேன். வண்டி வந்து நிற்கும் இடத்தில் பேச்சியைப் பார்ப்பேன். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்பேன். "ஒண்ணுமில்லக்கா, எல்லாம் சரியா வருது" என்பாள். ஏழு மாதம் அதையே சொன்னாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த முத்து நடுவிலேயே கிடந்தது.

போன சனிக்கிழமையும் அதையேதான் சொன்னாள். நான் உடனே கிளம்பவில்லை. வேப்பமர நிழலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பிப் போய்ப் புழுதி அடங்கியது. பொட்டலத்தை மடியில் வைத்து வலக்கையால் புரட்டிக்கொண்டே இருந்தாள். இடக்கை விரல்கள் மடங்கி ஒட்டியவாறு இருந்தன.

"ஒத்தைக் கையால இதப் பிரிக்க முடியலைக்கா," என்றாள் கடைசியில், பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே. "பல்லாலதான் கடிச்சுப் பிரிக்கிறேன். ரெண்டு மூணு மாத்திரை மண்ணுல விழுந்துருது."

நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முத்துகளை வைத்ததும், நோட்டைத் திறப்பதற்கு முன்னால், வேறு யாரும் பேசுவதற்கு முன்னால், அதைச் சொன்னேன்.